கடலூர் வானத்தில் செயற்கைக்கோள்களின் பஞ்சாங்கம்

1825 மே 31 இரவு ஒரு சந்திர கிரகணம். அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதைப் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஜான் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். வாரன் முன்பு மதராஸ் வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர். கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த, எண்களைச் சொற்களில் பொதிந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, கூட்டிக் கழித்து விடை சொன்னார். பிடிக்கும் நேரத்தில் 4 நிமிடம் பிழை, விடும் நேரத்தில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லாமல், நினைவையும் சோழியையும் மட்டும் கொண்டு செய்த கணக்கு அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சந்திரன் ஒரு குறிப்பிட்ட நாளில் எங்கே இருந்தது, என்ன வேகத்தில் நகர்கிறது, ராகு எங்கே நிற்கிறது என்பவை தெரிந்தால் வரப்போவதை எண்ணிவிடலாம். உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது ஹாம்கள், தங்கள் செயற்கைக்கோள்களைப் பின்தொடர்வதும் இதே வழியில்தான். பஞ்சாங்கக்காரர்களுக்குள் நெடுங்காலமாக இருக்கும் வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20-இல் சனிப்பெயர்ச்சி நடந்தது. திருக்கணிதப்படி அது அந்த ஆண்டு ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. வழிவழியாக வந்த எண்களை அப்படியே வைத்துக்கொள்வது ஒரு மரபு, வானத்தைப் பார்த்து எண்களைத் திருத்திக்கொண்டே இருப்பது இன்னொரு மரபு. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் செயற்கைக்கோளுக்குத் திருக்கணிதத்தைத் தவிர வேறு வழியே கிடையாது.

முதல் ஹாம் செயற்கைக்கோளான ஆஸ்கர்-1 1961 டிசம்பர் 12-இல் ஏவப்பட்டது. மூன்று வாரம் மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. நம் இஸ்ரோ ஹாம்களுக்கென்றே செய்த ஹாம்சாட் 2005 மே 5-இல் பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பல நாட்டு ஹாம்கள் அதன் வழியாகப் பேசினார்கள். 2014-இல் மின்கலம் கெட்டு ஊமையாகிவிட்டது.

இவற்றில் பெரும்பாலானவை தாழ்வாகப் பறப்பவை. சர்வதேச விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதிலும் ஹாம் கருவிகள் உண்டு. உயரம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு உயரத்தில் இருக்கும் பொருள், நம்மைச் சுற்றி 2,200 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் வந்தால்தான் அடிவானத்துக்கு மேலே எழும். கடலூர் 11.75 பாகை வடக்கு, 79.77 பாகை கிழக்கு. நேர் கிழக்கே கணக்கிட்டால் வட்டத்தின் விளிம்பு தாய்லாந்து வளைகுடாவைத் தொடுகிறது. வட்டத்தைக் குறுக்கே கடக்க நிலையத்துக்குப் பத்துப் பதினோரு நிமிடம் போதும். இப்படி ஒருமுறை தலைக்கு மேல் வந்து போவதை ஹாம்கள் 'பாஸ்' என்பார்கள். அடுத்த சுற்றுக்குள் பூமி 23 பாகை திரும்பிவிடுவதால், பாதை சுமார் 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போயிருக்கும். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று முன்கூட்டியே தெரியாமல் மாடியேறி நின்றால் ஒன்றும் கிடைக்காது.

கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ நின்றால் கிழக்கே மறைப்பே இல்லை. செயற்கைக்கோள் அடிவானத்தில் தலைகாட்டிய கணத்திலிருந்து கேட்கலாம். மேற்கே கட்டடமும் தென்னையும் தாண்டி எழுந்த பிறகுதான் சத்தம் வரும்.

இனி, இதைக் கணிக்கத் தேவைப்படும் எண்கள். எந்தச் செயற்கைக்கோளானாலும் அதன் பாதை இரண்டே வரிகளில் அடங்கும், வரிக்கு 69 எழுத்து. அமெரிக்க ராணுவத்தின் ரேடார்களும் தொலைநோக்கிகளும் அளந்ததிலிருந்து இவை தயாராகின்றன. செலஸ்டிராக் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஹாம்கள் பேச்சில் இது 'கெப்ஸ்', கோள்கள் சுற்றும் விதிகளைக் கண்ட கெப்ளரின் பெயரைச் சுருக்கியது. துளையட்டைக் காலத்தில் பிறந்த வடிவம் என்பதால் இடத்தை மிச்சம்பிடிக்கும் பழக்கம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதை எவ்வளவு நீள்வட்டம் என்று சொல்லும் எண்ணில் தசமப் புள்ளியே இருக்காது, நாமாக முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 57 என்றால் ஸ்புட்னிக் பறந்த 1957, 56 என்றால் 2056.

முதல் வரியில் கவனிக்க வேண்டியது, இந்த எண்கள் எந்த நாள் எந்தக் கணத்துக்கு உரியவை என்பது. அதன் பின்னால் காற்று இழுவையைக் குறிக்கும் எண் வரும். இரண்டாம் வரியில் பாதையின் உருவமே இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அது எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது (விண்வெளி நிலையத்துக்கு 51.6), தெற்கிலிருந்து வடக்கே போகும்போது ரேகையை எந்த இடத்தில் வெட்டுகிறது, நீள்வட்டத்தில் பூமிக்கு அருகான புள்ளி எது, அந்தக் கணத்தில் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, ஒரு நாளில் எத்தனை சுற்று. விண்வெளி நிலையம் ஏறத்தாழ பதினைந்தரை சுற்று, 1974-இல் ஏவப்பட்டு 1,450 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஏஓ-7 என்ற ஹாம் செயற்கைக்கோள் பன்னிரண்டரை. உயரம் தனியாகக் கொடுக்கப்படுவதில்லை, தேவையும் இல்லை. சுற்றும் காலம் தெரிந்தால் கெப்ளரின் மூன்றாம் விதி உயரத்தைச் சொல்லிவிடும்.

ரேகையை வெட்டும் அந்த இடம்தான் செயற்கைக்கோளின் ராகு. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளை நாம் ராகு, கேது என்கிறோம். அவை பின்னோக்கி நகரும், ஒரு சுற்றுக்கு 18.6 ஆண்டு. விண்வெளி நிலையத்தின் ராகுவும் பின்னோக்கித்தான் போகிறது, ஆனால் நாளொன்றுக்கு 5 பாகை வீதம் 72 நாளில் சுற்றை முடித்துவிடும். சந்திரன் விஷயத்தில் இதைச் செய்வது சூரியனின் ஈர்ப்பு. இங்கே காரணம் பூமியின் இடுப்புப் பருமன். பூமியின் ஆரம் துருவத்தைவிட நடுவில் 21 கிலோமீட்டர் அதிகம். அந்தக் கூடுதல் நிறை பாதையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இன்று மாலை 7 மணிக்கு வந்த நிலையம் சில நாள் கழித்து 5 மணிக்கே வருவது இதனால்தான்.

எண்கள் பழசாவதற்குப் பெரிய காரணம் காற்று. 400 கிலோமீட்டரிலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. அது உராயும்போது செயற்கைக்கோள் வேகம் குறைந்து தாமதமாக வரும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆற்றல் குறையக் குறையப் பாதை தாழ்கிறது, தாழ்ந்த பாதையில் வேகம் கூடுகிறது, சுற்றும் காலம் குறைகிறது. ஆகவே கணித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இந்த முந்தல் சேர்ந்துகொண்டே போவதால், இரண்டு மடங்கு நாள் கடந்தால் பிழை நான்கு மடங்காகும். சூரியன் கொந்தளித்தால் மேல்வளிமண்டலம் சூடேறி உப்பும், இழுவை திடீரென்று எகிறும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 வரை ஒரு காந்தப் புயலால் இழக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்களில் முந்தாநாள் எண்களைக்கூட நம்ப முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காதது. இந்த இரண்டு வரி எண்கள் எஸ்ஜிபி4 என்ற கணக்கு முறைக்காகவே சராசரியாக்கப்பட்டவை. இதைவிடத் துல்லியமான வேறு முறையில் அவற்றைப் போட்டால் விடை மோசமாகத்தான் வரும். எண்ணும் முறையும் சேர்ந்துதான் ஒரு பஞ்சாங்கம். ஜிபிரெடிக்ட், லுக்4சாட் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் சரியாகவே செய்கின்றன.

கணிப்பு சரிதானா என்று மாடியில் நின்றபடியே சோதித்துவிடலாம் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு உதவுவது டாப்ளர் விளைவு. விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர், அதாவது கேட்டதைத் திரும்ப அனுப்பும் கருவி, 437.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும். நம்மை நோக்கி வரும்போது அது 437.810-இல் கேட்கும். விலகிப் போகும்போது 437.790-க்கு இறங்கிவிடும். இறங்கும் விதத்தில்தான் செய்தி இருக்கிறது. முதலில் மெல்ல, மிக அருகில் இருக்கும் கணத்தில் செங்குத்தாக, பிறகு மறுபடி மெல்ல. அலைவரிசை உண்மையான எண்ணைக் கடக்கும் நேரமே செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் இருக்கும் நேரம். சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு அருகில் அது கடந்திருக்கிறது. 700 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தால் நொடிக்கு 100 ஹெர்ட்ஸுக்கு மேல் விழும், 2,000 கிலோமீட்டர் என்றால் 40-ஐத் தாண்டாது. ஆக, ஒரு கடிகாரமும் ஒரு ரேடியோவும் இருந்தால் நேரமும் தூரமும் கைக்கு வந்துவிடும். நம் இடப்பக்கம் போனதா வலப்பக்கமா என்பது ஒரே பாஸில் தெளிவாகாது, இரண்டு மூன்று பாஸ் கேட்டால் அதுவும் தெரியும்.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தின் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் இப்படித்தான் அதன் 20 மெகாஹெர்ட்ஸ் பீப் ஒலியின் டாப்ளர் சரிவிலிருந்தே பாதையைக் கண்டுபிடித்தார்கள். கேட்பவரின் இடம் தெரிந்தால் செயற்கைக்கோளின் பாதை தெரியும் என்றால், பாதை தெரிந்தால் கேட்பவரின் இடமும் தெரியவேண்டுமே என்று அடுத்த ஆண்டே அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். டிரான்சிட் என்ற கடற்பயண வழிகாட்டி அதிலிருந்து பிறந்தது, ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி அது. இன்று கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் விசைப்படகுக்கும் அந்தப் பீப் ஒலிக்கும் தொடர்பு இருக்கிறது.

ரேடார் இருக்க மாடியிலிருந்து அளப்பது எதற்கு என்று கேட்கலாம். ரேடாருக்குத் தெரிவது ஒரு பொருள் போகிறது என்பது மட்டும், அதன் பெயர் தெரியாது. 2017 பிப்ரவரி 15-இல் பிஎஸ்எல்வி-சி37 ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களை விட்டது. இப்படிக் கூட்டமாக இறங்கும்போது முதல் நாட்களில் பட்டியலில் வெறும் 'பொருள் ஏ', 'பொருள் பி' என்றுதான் இருக்கும். எது எந்தக் கல்லூரி மாணவர்கள் செய்த பெட்டி என்று சொல்ல வேண்டுமானால் அதன் குரலைக் கேட்டாக வேண்டும். பதிவான டாப்ளர் சரிவை ஒவ்வொரு பொருளின் கணிப்போடும் பொருத்திப் பார்ப்பார்கள். சில நொடிகள் பிசகாமல் எது பொருந்துகிறதோ அதற்குப் பெயர் கிடைக்கும். சாட்நாக்ஸ் என்ற வலையமைப்பில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் ஆன்டெனாக்களை இதற்காகவே இணைத்திருக்கிறார்கள். நம் அட்சரேகையில் இன்னும் நிறையப் பேர் இதில் சேரவேண்டும் என்பது என் ஆசை.

கேட்பதற்குப் பெரிய செலவில்லை. கணினியில் செருகும் ஒரு எஸ்டிஆர் டாங்கிள் (மென்பொருளால் இயங்கும் சிறு ரேடியோ), இரும்பு அளவு நாடாவை வெட்டிச் செய்த யாகி ஆன்டெனா (ஒரு திசையை நோக்கிப் பிடிப்பது), மொபைலில் ஒரு செயலி. பேசுவதற்கு மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும், அது கட்டாயம்.

உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது பல நாள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இணையத்தில் போய் எண்களை எடுக்க முடியாது. எச்சரிக்கை வந்த உடனேயே எல்லாச் செயற்கைக்கோளின் கெப்ஸையும் இறக்கி மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்கும் யாகி அகலமாகக் கேட்கும், கணிப்பு அரை நிமிடம் பிசகினாலும் பாஸ் தவறாது. 600 கிலோமீட்டருக்கு மேலே பறப்பவற்றுக்கு இரண்டு வாரப் பழைய எண்களும் தாங்கும். விண்வெளி நிலையம் அப்படியல்ல, அவ்வப்போது எஞ்சினை இயக்கித் தன்னை உயர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகு பழைய எண்கள் உதவாது. அதை நம்புவதானால் குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கேட்கத் தொடங்குங்கள், நேரம் கடந்த பிறகும் சற்றுக் காத்திருங்கள்.