உப்பிய பேட்டரியும் 65 கிலோமீட்டர் வேகத் தட்டும்

மேசையில் வைத்த மடிக்கணினி ஒருநாள் ஆடியது. டச்பேடு ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தது. பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றி, பூரிபோல் உப்பியிருந்த பேட்டரியைக் காட்டினார். “எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்குமா?” என்று கேட்டார். ஆமாம், நான்கு ஆண்டுகளாக. பாதி நாள் மெத்தைமேல்.

1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியின் வழிவந்தது அது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுக் கிளம்பி, நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து, எதிர்முனையின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. முழு சார்ஜில் ஒரு செல்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட். அந்த நிலையிலேயே நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் திரவம் மெல்லச் சிதைகிறது. கிராஃபைட்மேல் படலம் தடித்து, லித்தியத்தைச் சிறைப்பிடிக்கிறது. உப்ப வைப்பது சிதைவில் பிறக்கும் வாயு. சூடு இத்தனையையும் விரைவுபடுத்தும். மெத்தையோ காற்றுத் துளைகளை அடைத்துவிடுகிறது.

இப்போது 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி அமைத்திருக்கிறேன். அடியோடு தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரிகளின் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது கெடுதல். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

பேட்டரி கடையில் கிடைக்கும். என் மகள் முதல் அடி எடுத்து வைத்த காணொளி எந்தக் கடையிலும் கிடைக்காது. அது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினிகளில் அது வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும், அதாவது வினாடிக்கு 90 சுற்று. தகவல் பதியும், 65 மில்லிமீட்டர் அகலமே உள்ள தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது! அந்தச் சுழற்சி இழுத்துவரும் காற்றின்மீது, தகவலைப் படிக்கும் முனை மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். புகைத்துகள்கூட அந்த இடுக்கில் நுழையாது. ஓடும்போது கணினி ஓர் அடி வாங்கினால் முனை தட்டில் உரசும், உரசிய இடத்துத் தகவல் போய்விடும். 2003இல் ஐபிஎம் நிறுவனம் தன் திங்க்பேடு மடிக்கணினிகளில் அசைவை உணரும் சில்லு ஒன்றைப் பொருத்தியது. கணினி கீழே விழத் தொடங்கியதுமே அது முனையை ஒதுக்கி நிறுத்திவிடும். எவ்வளவு அருமையான யோசனை!

என்னுடையதில் அந்த வசதி இல்லை. மூடியதுமே பைக்குள் திணிக்காமல், சுழலும் ஓசை அடங்கும்வரை காத்திருக்கிறேன். தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை, இந்தக் கவலையும் இல்லை. ஆனால் அது முன்னறிவிப்பின்றியே செயலிழந்துவிடக்கூடும் என்பதால், அதிலுள்ள கோப்புகளுக்கும் இன்னொரு பிரதி வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் பழுதாகும்முன் சில நேரம் குரல் கொடுக்கும். ‘டக், டக்’ என்று சீராகக் கேட்டால், முனை தன் இடத்தைத் தேடித் தடுமாறுகிறது என்று பொருள். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். கோப்புகள் திறந்தால் முக்கியமானவற்றை அப்போதே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். திறக்காவிட்டால் அணைத்துவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்.