வெளியே அக்னி வெயில், பிரசவ அறையில் குளிரும் சிசு

சித்திரையில் காரைக்குடித் தெருவே தகிக்கும்போது, குழந்தைக்குக் குளிருமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் ஏசி 20 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் சிசுவுக்குத் தோல் மெல்லிசு, தோலடிக் கொழுப்பும் இல்லை. ஈரம் ஆவியாக ஆவியாகச் சில நிமிடங்களில் உடம்பு சில்லிட்டுவிடும். உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போனால் சர்க்கரை இறங்கும், மூச்சுத்திணறல் கூடும், மூளையில் ரத்தக்கசிவு அபாயமும் ஏறும்.

ஆகவே பிரசவம் பார்ப்பவர்கள் முதலில் ஏசியை அணையுங்கள். அறை 23 முதல் 25 டிகிரி இருக்கட்டும். 28 வாரம்கூட நிரம்பாத பிள்ளை என்றால் 25-க்கு மேல். வார்மரை (மேலிருந்து குழந்தைக்குச் சூடு தரும் கருவி) முன்கூட்டியே போட்டு, துணிகளையும் அதன் கீழேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து பாலித்தீன் உறை. மாதம் நிறைந்த குழந்தையைத் துடைத்துப் பழகிய கை, இங்கேயும் துண்டைத்தான் தேடும். துடைக்கக் கூடாது. ஈரத்தோடேயே கழுத்து வரை உறைக்குள் வைத்து, தலையை மட்டும் துடைத்துக் குல்லா போட வேண்டும். உறைக்கு மேல் துணி சுற்றினால் வார்மரின் சூடு உள்ளே இறங்காது. வார்மரின் வெப்ப சென்சாரைத் தோலில் ஒட்ட மறந்தால் நேர்மாறாக 37.5-ஐத் தாண்டிச் சூடேறும்; அதுவும் கெடுதல்தான்.

பிள்ளை மூச்சு விட்டால் தொப்புள்கொடியை வெட்ட 60 விநாடி பொறுக்கலாம். 28 வாரத்துக்குக் குறைந்த சிசுவுக்குக் கொடியை உருவி ரத்தம் ஏற்றுவது வேண்டாம். மூளை ரத்தக்கசிவு கூடுகிறது.

மூச்சுக்கு உதவும்போது நடக்கும் பெரிய தவறு, எடுத்த எடுப்பில் 100 சதவீத ஆக்சிஜன். பொதுவாக 30 சதவீதத்தில் தொடங்கி, வலது மணிக்கட்டில் கட்டிய ஆக்சிமீட்டரை (ரத்த ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி) பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் அது 80 முதல் 85 சதவீதம் காட்டினால் போதும். இந்த நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். விரித்துப் பிடிக்க 5 முதல் 6 செ.மீ. நீர் அழுத்தத்தில் சிபாப், அதாவது மூச்சுவழியில் விடாமல் காற்றழுத்தம் தரும் முறை, வேண்டும். மூச்சு வெளியேறும்போதும் அழுத்தத்தைத் தக்கவைக்கும் பீப் வால்வு இல்லாத ஆம்பு பையால் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) அது முடியாது. பெரிய மாஸ்க் கண்ணை அழுத்தும், ஓரத்தில் காற்றும் கசியும்.

இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவருக்கு 29 வாரத்தில் பனிக்குடம் உடைந்தால், உடனே பிறக்கும் நிலை இல்லாதபட்சத்தில் சிசுவின் நுரையீரலை முதிரவைக்கும் டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. முதல் ஊசியைத் தாய்க்குப் போட்டு, நேரத்தைச் சீட்டில் எழுதி, சிவகங்கை அல்லது புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ல் அனுப்புங்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மீதி மூன்று ஊசிகளை அங்கே போடுவார்கள். தாய் வயிற்றைவிட நல்ல இன்குபேட்டர் எந்த வண்டியிலும் இல்லை.

வெளியே ஆச்சிகள் சேனை வைக்க (பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், தேன் தொட்டு வைக்க) காத்திருப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது, குளிப்பாட்டவும் கூடாது என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதும் உறையை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். இன்குபேட்டரில் ஈரப்பதம் ஏறட்டும், அக்குளில் 36.5 காட்டிய பிறகு கழற்றலாம். வந்து சேர்ந்தபோது இருந்த வெப்பத்தை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் குறியுங்கள். பிரசவ அறையில் எங்கே சறுக்கியது என்பதை அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.