வைரஸ் ஊசி வருதுன்னு கீமோவ நிறுத்திடாதீங்க

போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க, மார்பகப் புற்று, ஆறு சைக்கிள் (தவணை) கீமோல மூணு முடிச்சிட்டு நாலு மாசமா ஆளையே காணோம். ஏன்னு கேட்டா கூட வந்த பையன் போனை நீட்டுறார், "மேடம், வைரஸ விட்டே கேன்சர அழிச்சிடுறாங்களாமே, அதுக்குத்தான் வெயிட் பண்ணோம்." அந்தம்மா ஒண்ணும் பேசல, முந்தானைய விலக்கி அக்குளக் காட்டினாங்க. சுண்டக்கா அளவு இருந்த நெறிகட்டி இப்ப எலுமிச்சங்கா. இந்த வருஷம் இது நாலாவது கேஸ், அதான் கொஞ்சம் கோவமாவே எழுதறேன்.

அந்த ஃபார்வர்ட் முழுப் பொய்யும் இல்ல, அதான் வம்பே. டி-வெக்னு ஒரு மருந்து நிஜமாவே இருக்கு, 2015ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ் வைரஸ்ல ரெண்டு ஜீனை எடுத்துட்டு எதிர்ப்பு செல்லை உசுப்புற ஜீன் ஒண்ணை சேர்த்தது. ஆனா எதுக்கு? மெலனோமாங்கற தோல் புற்றுக்கு (நம்ம ஊர்ல அதுவே அபூர்வம்), அதுவும் ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்ப வந்து, வெட்டி எடுக்க முடியாத கட்டிக்கு. கட்டிக்குள்ளயே நேரா குத்தணும், மூணு வாரம் கழிச்சு ரெண்டாவது, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு மாசக்கணக்கா போகும். 436 பேர வெச்சு நடந்த ட்ரையல்ல இந்த ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு 16 பேருக்குத்தான் கட்டி சுருங்கி ஆறு மாசமாவது அப்படியே நின்னுச்சு. ஒப்பிட்ட மருந்துல 2 பேர்தான், அதனால எங்களுக்கு இது பெரிய விஷயம். "கேன்சருக்கு ஒரே ஊசி"ன்னு ஃபார்வர்ட் பண்றவருக்கு இதெல்லாம் எதுக்கு!

இன்னொருத்தர் கேக்கறார், "எனக்கு அடிக்கடி உதட்டுல கொப்புளம் வருது டாக்டர், அப்ப கேன்சர் வராதுல்ல?" அய்யா, உங்க உதட்டுல இருக்கறது சாதா வைரஸ், அதுக்கு கேன்சர் செல்லு நல்ல செல்லுன்னு வித்தியாசம் பாக்கத் தெரியாது. சளி புடிச்சா கேன்சர் போகாது, வெள்ளை அணு இறங்கிப் போயிருக்கற கீமோ நேரத்துல சாதா வைரஸ் புகுந்தா ஐசியூ வரைக்கும் போயிடலாம்.

ஓடுற கீமோவ நீங்களா நிறுத்தாதீங்க. வீடியோ பாத்தா எடுத்துட்டு வந்து காட்டுங்க, திட்ட மாட்டேன். ட்ரையல்ல சேத்துவிடறேன்னு எவனாவது லட்சக்கணக்குல கேட்டா பணத்த எடுக்காதீங்க, சிடிஆர்ஐங்கற ட்ரையல் பதிவு வெப்சைட்டோட நம்பர கேளுங்க, நம்ம நாட்டு ட்ரையல் எல்லாம் அதுல பதிவாகியிருக்கணும். வெளிநாட்டுல யாராவது சொந்தக்காரங்க இந்த ஊசி போட்டுட்டு இருந்தா, குத்தின இடத்துல போட்ட பேண்டேஜ வெறும் கையால தொடாதீங்க, கர்ப்பிணிங்க அந்த பேண்டேஜ மாத்தவோ அந்த இடத்த தொடவோ வேணாம்.

அந்தம்மாவுக்கு ஸ்கேன் திரும்ப எடுத்தாச்சு. மருந்த மாத்தி திங்கக்கிழமை முதல் சைக்கிள்ல இருந்து ஆரம்பிக்கறோம்.