விரல் போன பிறகு வந்த காசு

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள். விடிவதற்குள் இட்லி அவித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு மும்பைக்குள் விற்கப் போகிற அண்ணாச்சிகள் பலர் எனக்குப் பழக்கம்.

அவர்களில் ஒருவர் 2019-இல் ஒரு ராத்திரி வந்தார். "கால்ல என்னமோ நாத்தம் வருது டாக்டரய்யா. வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். வலி இல்லை என்று கேட்டதும்தான் எனக்கு பயம் வந்தது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். அடியிலிருந்து ஓர் ஆணி மேலே துருத்திக்கொண்டிருந்தது. மூன்று நாள் அதன் மேலேயே மிதித்திருக்கிறார், தெரியவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே குழி விழுந்து கறுத்திருந்தது. சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் செத்து உணர்ச்சி போய்விடலாம். சுகர் உள்ளவர்கள் தினமும் படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

அவர் மாத்திரையை நிறுத்தி எட்டு மாதமாகியிருந்தது. "பெரிய ஆஸ்பத்திரியில சீட்டு போட்டு, மருந்து வாங்கிட்டு வர மத்தியானம் ஆயிருது. அன்னைக்கு யாவாரம் போச்சுல்லா" என்றார்.

இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷன் செலவு அவர் கையைக் கடிக்கவில்லை. அட்டை இல்லையென்றால் வட்டிக்கு வாங்கியிருப்பார். அதனால் அந்தத் திட்டங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது அட்மிட் ஆனால்தான். வீடு திரும்பிய பின் 15 நாள் வரை பார்த்துக்கொள்ளும். சர்க்கரையோ ஆயுசுக்கும் இருக்கிறது. ஜெனரிக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய்தான். அது நாள் தவறாமல் அவர் வாய்க்குப் போக வழி செய்யாமல், விரலை வெட்ட ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். கணக்குப் பார்த்தாலே நஷ்டம்.

எல்லோருக்கும் மருத்துவம் என்றால் நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகத் தங்கள் பையிலிருந்து கொடுத்தது. அரசு செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜிடிபி) 1.84 சதவீதம். 2025-க்குள் அதை 2.5 ஆக்குவதாக 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதினார்கள். தாய்லாந்து 2002-இல் எல்லோருக்கும் மருத்துவம் தரும் 30 பாட் திட்டத்தை நாடு முழுக்க விரித்தபோது, சும்மா டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதும் அதில் சேர்த்தி. அது அப்போது பணக்கார நாடு இல்லை.

தாய்லாந்து வரை போவானேன்? 2020 ஏப்ரலில் தாராவிக்குள் கொரோனா வந்தபோது, கவச உடை போட்டுக்கொண்டு மாநகராட்சி ஆட்களோடு இங்குள்ள தனியார் டாக்டர்களும் சந்து சந்தாகப் போனோம். சுமார் இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர். வாசலில் நின்றே காய்ச்சல் பார்த்தோம், விரலில் ஆக்சிஜன் பார்த்தோம். எந்த வீட்டிலும் அட்டை கேட்கவில்லை, பில் போடவில்லை. கேட்டிருந்தால் காய்ச்சலை மறைத்திருப்பார்கள், அடுத்த வீட்டுக்கும் போயிருக்கும். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைச் சொல்லிப் பாராட்டினார். டிபிக்கும் அப்படித்தான். மருந்து இலவசம், வருமானச் சான்று கேட்பதில்லை. சர்க்கரை தொற்றாது என்பதால் அதை அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம்.

2022-இல் மும்பையில் ஆப்லா தவாகானா என்ற இலவச கிளினிக்குகளைத் தொடங்கினார்கள். இலவசம் என்பதைவிட, ராத்திரி வரை திறந்திருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கூலி போகாது.

அண்ணாச்சி இப்போது சைக்கிள் எடுப்பதில்லை. வீட்டு வாசலிலேயே இட்லி விற்கிறார். போன வாரம் வந்தபோது, "ஊர்ல எங்க அக்காவுக்கு சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்காவளாம்" என்றார். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான் அது. "இங்க எப்பய்யா வரும்?" என்று கேட்டார்.

பாதத்தைப் பார்த்துவிட்டு, யாவாரம் முடிந்ததும் தவாகானாவுக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.