ஹெக்ஸ்: ஆறா, அறுப்பா?

ஆங்கில அகராதியில் 'ஹெக்ஸ்' என்று தேடினால் செய்வினை, சூனியம் என்று வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அது சூனியக்காரியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் வழி வந்தது. 'ஹெக்ஸ்' என்னும் பலகையாட்டத்துக்குப் பெயர் வந்த வழி வேறு: கிரேக்கத்தில் ஹெக்ஸ் என்றால் ஆறு.

இந்தப் பெயர் பிற்பாடு ஒட்டியதுதான். டென்மார்க்கின் கவிஞரும் புதிர்ப் பிரியருமான பீட் ஹைன் 1942-இல் 'பொலிட்டிகன்' நாளிதழில் ஆட்டத்தை அறிமுகப்படுத்தியபோது அதன் பெயர் 'பாலிகன்', அதாவது பலகோணம். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணித மேதை ஜான் நாஷ் தனியாக இதையே கண்டுபிடித்தார். அங்கே ஆட்டத்தை 'நாஷ்' என்றார்கள், 'ஜான்' என்றும் சொன்னார்கள். ஜான் என்றால் அமெரிக்கப் பேச்சில் கழிப்பறை. அதன் தரையில் பதித்த அறுகோண ஓடுகளில் ஆடினார்கள் என்று ஒரு கதை. 1952-இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் 'ஹெக்ஸ்' என்று விற்றது, அதுவே நிலைத்துவிட்டது.

பலகை சாய்சதுரம், வழக்கமாக 11-க்கு 11 அறுகோணக் கட்டங்கள். எதிரெதிர்க் கரைகள் இரண்டு ஒருவருக்கு, மற்ற இரண்டு அடுத்தவருக்கு. மாறி மாறி ஒரு காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது, வெட்டும் படாது. தன் கரைகளை முதலில் இணைப்பவருக்கு வெற்றி. டிரா என்பதே கிடையாது. காரணம் அந்த ஆறு பக்கம்தான். சதுரக் கட்டங்கள் ஒரு முனையில் நான்காகச் சந்திக்கும். குறுக்கும் மறுக்குமாக இரண்டு கருப்பு, இரண்டு வெள்ளை நின்றால் இருவர் வழியும் அடைபடும். அறுகோணத்தில் முனைக்கு மூன்றே கட்டம். நிறமோ இரண்டு. ஏதோ ஒரு நிறம் ஒட்டிக்கொண்டே தீரும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'அறுகோண ஆட்டம்' என்றால் அந்தக் கட்டம் உள்ள எல்லா ஆட்டத்துக்கும் பொருந்திவிடும். 'இணைப்பு ஆட்டம்' இதன் இனத்துக்கான பெயர். என் ஓட்டு 'அறுகட்டம்' என்பதற்கே. அறுபது, அறுசுவை போல ஆறு குறுகி அறு ஆகிறது. வண்டுக்கே 'அறுகால்' என்று பெயர் வைத்த மொழி, தேனடை போன்ற பலகைக்கு வேறெங்கே போகும்? அப்புறம், அறு என்றால் வெட்டு என்றும் பொருள். இங்கே என் வழியைச் சேர்க்கும் காயேதான் எதிராளியின் வழியை அறுக்கிறது. வினைத்தொகையாகப் பிரித்தாலும் சொல் பொருந்துகிறது.

எப்படிப் பிரித்தாலும் இடையில் வல்லினம் மிகாது. தாயக்கட்டம் எழுதிப் பழகிய கை 'அறுக்கட்டம்' என்று ஒரு 'க்' போடப் பார்க்கும்.