வாட்ச் சொல்லும் சுகரை நம்பி இன்சுலின் போடாதீர்கள்

“வாட்ச்ல 118தான் டாக்டர் காட்டுது” என்பார்கள். விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் 340 இருக்கும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையில் 55 இருக்கும்போது வாட்ச் 105 என்று காட்டி, அதை நம்பி நோயாளி இன்னொரு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தோலைத் துளைக்காமல் தானாகச் சுகரை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

“ஆக்ஸிஜனை அளக்குதே, சுகரை அளக்காதா?” அளக்காது. ஆக்ஸிஜன் அளவை ஹீமோகுளோபினின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். 100 மில்லி ரத்தத்தில் அது சுமார் 15 கிராம் இருக்கிறது. ஆக்ஸிஜன் ஏறி இறங்கும்போது அதன் சிவப்பும் மாறும். அதே 100 மில்லியில் சுகர் வெறும் 0.1 கிராம்தான். அதற்கு நிறமும் கிடையாது. அகச்சிவப்பு ஒளியில் அதன் சுவடு தண்ணீரின் சுவட்டுக்குள் புதைந்துபோகும். கொஞ்சம் வியர்த்தாலோ பட்டை தளர்ந்தாலோ அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும்.

“மீட்டரோட ஒத்துப்போச்சே!” எப்போதும் நூறை ஒட்டியே காட்டும் கருவி, உங்கள் சுகர் நூறாக இருக்கும் நாளில் ஒத்துத்தான் போகும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் பாருங்கள். சுருட்டிய துண்டில் கட்டினால்கூட எண் காட்டும் வாட்சுகள் உண்டு.

முயற்சி நடக்காமல் இல்லை. மின்னோட்டத்தால் தோல்வழியே திரவத்தை இழுத்து அளந்த குளூக்கோவாட்ச்சுக்கு 2001-இல் அனுமதி கிடைத்தது. தோல் எரிச்சல் உண்டாக்கியது, வியர்த்தால் அளவு விட்டுப்போனது, கடைசியில் சந்தையை விட்டே போய்விட்டது.

சுகரைத் தொடர்ந்து அளக்க, கையில் ஒட்டும் சி.ஜி.எம். சென்சார் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் நிஜமாகவே அளக்கிறது. அந்த எண்ணை வாங்கி வாட்ச் காட்டினால் தவறில்லை. ஆனால் அது ரத்த அளவைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். ஒட்டிய முதல் நாள் அதிகம் நம்ப வேண்டாம். அதன்மேல் அழுந்தப் படுத்தால் பொய்யாக ‘லோ’ காட்டும். சிலவகைச் சென்சார்கள் பாராசிட்டமாலாலும், சில அதிக வைட்டமின் சி-யாலும் கூட்டிக் காட்டும். எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள்.

குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பழம் நறுக்கிய விரலில் எடுத்த சொட்டு, இல்லாத சுகரைக் காட்டும். நடுவில் குத்தாதீர்கள், விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சோதிக்க வழியில்லையா? குளுக்கோஸை முதலில் கொடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு ஆசையாக இந்த வாட்சை வாங்கித் தரும் பிள்ளைகளே, தயவுசெய்து அந்தப் பணத்துக்கு மீட்டரில் போடும் ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், டப்பா மூடியை இறுக்கி மூடச் சொல்லுங்கள்.