காரப்போலி: ஒரு சொல் விளக்கம்

சேலத்தில் ஒரு கல்லூரிக் கண்காட்சி. சுவரொட்டிக்குப் பிழை திருத்தக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: 'மெலனோமா செல்கள்மீது மூலிகைக் காரப்போலிகளின் விளைவு'. மெலனோமா என்பது தோலின் கருநிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய். மாணவிக்கு அதில் சிக்கலில்லை, 'காரப்போலி'யில்தான்.

"போலின்னு போட்டா டூப்ளிகேட் மருந்துன்னு நெனச்சுக்குவாங்க சார். ஆல்கலாய்டுன்னே விட்டுறலாங்களா?"

நியாயமான பயம்தான். போலி டாக்டர், போலிப் பத்திரம் என்று தினமும் பேப்பரில் படிக்கிற கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

ஆனால் போலி ஆதியில் வசவு இல்லை. 'போல்' என்பதிலிருந்து வந்த சொல். ஒன்றைப் போன்று இருப்பது போலி. பந்தல் பந்தர் ஆகிறது, சாம்பல் சாம்பர் ஆகிறது. கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறவில்லை. அதை இலக்கணம் கடைப்போலி என்கிறது. பந்தரை டூப்ளிகேட் பந்தல் என்று யாரும் சொல்வதில்லை.

சாம்பலை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஆல்கலாய்டு என்ற சொல்லே சாம்பலில் பிறந்தது. உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலுக்கு அரபியில் அல்-கலி என்று பெயர். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்குப் போய் ஆல்கலி ஆயிற்று. 'ஆய்டு' கிரேக்க ஒட்டு, 'அந்த உருவை ஒத்தது' என்று பொருள். 1819இல் கார்ல் மைஸ்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் இரண்டையும் சேர்த்துப் புதுச்சொல் செய்தார். செடியிலிருந்து கிடைத்து, காரம்போல் அமிலத்தோடு கூடி உப்பாகிற பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. இவற்றில் நைட்ரஜன் இருக்கும்.

தமிழில் ஆல்கலி, காரம். சவுக்காரத்திலும் வெண்காரத்திலும் உள்ள காரம் அது. குழம்பில் ஏறுகிற காரம் வேறு. காரம் + போலி: மூலச்சொல்லுக்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் 'அற்கலோயிட்டு' என்று ஒலிபெயர்த்தார்கள். அதைவிட இது எவ்வளவோ மேல்.

அதே 1819இல்தான் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை ருங்கேயும், மிளகிலிருந்து பைப்பரினை எர்ஸ்டெடும் பிரித்தார்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச்செடி. இரண்டு காரப்போலிகள் ஒரே நிழலில்! இதில் ஒரு வேடிக்கை: மிளகை உறைக்க வைக்கிற பைப்பரினுக்கு வேதியியல் காரத்தன்மை மிகக் குறைவு. கண்வலிக்கிழங்கின் கொல்ச்சிசினுக்கோ ஏறக்குறைய கிடையாது. அப்படியிருந்தும் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். போலி என்பது இன்னும் பொருந்திப்போகிறது.

சோதனையைப் பார்த்தால் சொல் மனசில் நிற்கும். அமிலம் கலந்த இலைச்சாற்றில் மேயர் கரைசலை ஒரு சொட்டு விட்டால், திரிந்த பால்போல வெள்ளையாகப் படியும். காரப்போலி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு 96 குழிகள் உள்ள சின்னத் தட்டில் புற்றுச்செல்களை வளர்த்து, சாற்றை அளவளவாக விட்டு, எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். செல் உயிரோடிருந்தால் சாயம் ஊதாவாக மாறும். செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும்.

மஞ்சளைப் பார்த்ததும் மருந்து கிடைத்துவிட்டது என்று துள்ளுகிறார்கள். சேலத்தில் ரோட்டோரப் புறம்போக்கெல்லாம் முளைக்கிற பிரமதண்டின் விதையில் சாங்குவினாரின் என்ற காரப்போலி உண்டு. தட்டில் அது தோல் புற்றுச்செல்லைக் கொல்லத்தான் செய்கிறது. அதே சாங்குவினாரின் உள்ள அமெரிக்கச் செடியொன்றின் வேரைச் சேர்த்துக் 'கறுப்புக் களிம்பு' என்று விற்கிறார்கள். தடவியவர்களுக்கு நல்ல தோலும் சேர்ந்து வெந்துபோய், மேலே பொருக்குத் தட்டி, அடியில் புற்று வளர்ந்த கதைகள் உண்டு. பிரமதண்டு விதை கடுகெண்ணெயில் கலந்தாலே உடம்பு வீங்கும், உயிரும் போகும்.

தட்டைத் தாண்டி மருந்துக்கடை வரை வந்தவையும் இருக்கின்றன. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணியை 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை அப்படியே இருந்தது, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற காரப்போலி, இன்று புற்றுநோய் மருந்து. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கிற கதிர் இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கும். பரவிய மெலனோமாவுக்கும் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். ரத்தக்குழாய் வழி ஏற்றுகிற, அளவு தப்பினால் ஆளையே சாய்க்கிற மருந்து. இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிற சமாச்சாரமில்லை.

'காரப்போலி'யை அப்படியே விட்டேன். பக்கத்தில் ஒருமுறை ஆல்கலாய்டு என்று போடச் சொன்னேன். கடைசி வரியில் 'தோல் புற்றுநோய்க்கு மூலிகை மருந்து' என்றிருந்ததைத்தான் அடித்தேன். மாணவி கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு, 'தட்டில் வளர்த்த செல்களில் மட்டும் சோதித்தது' என்று தன் கையாலேயே எழுதினாள்.